இணையத்துக் கருவியும் இல்லத்துப் பயனும்

விஞ்ஞானம் புதிதாக ஒன்றைப் படைத்துத் தரும் வேகத்தைக் காட்டிலும், அதை உரியவர் அறிந்து கைக்கொள்ளும் வேகம் எப்போதும் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. திருத்திய விதையும் ரசாயன உரமும் ஆராய்ச்சி நிலையத்தை விட்டு வயலுக்கு வருவதற்குக் கிராமந்தோறும் ஊழியர்கள் நடந்து சென்று செய்து காட்ட வேண்டியிருந்தது. அம்மை குத்தும் முறையும், குடிநீரைத் தூய்மை செய்யும் முறையும் இவ்வாறே பரவின. இணையம் வந்தபின் இந்த இடைவெளி தானாகவே மறைந்துவிடும் என்று பலர் கருதினர். புதிய கருவி எதுவாயினும், அதன் படமும் விளக்கமும், பல சமயங்களில் அதைச் செய்யும் வரைபடமுங்கூட, எந்த ஊரிலிருந்தும் பார்க்கக் கிடைக்கின்றன அல்லவா? ஆயினும் பார்ப்பதற்கும் பயன்பெறுவதற்கும் இடையே உள்ள தூரம் இன்னும் பெரிதாகவே இருக்கிறது. உடற்குறையுடையோர்க்கான துணைக்கருவிகளின் விஷயத்தில் இது மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

பெங்களூரின் வடகிழக்கே, ஹென்னூர் சாலையை ஒட்டி லிங்கராஜபுரம் என்னும் பகுதி அமைந்துள்ளது. பழைய தண்டுப் பிரதேசத்திற்கு அண்மையிலுள்ள இவ்விடத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுகின்றன. 1959ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, உடற்குறையுடையோரின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் மறுவாழ்வுக்கும் பணிபுரிந்து வரும் 'அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசெபிலிடி' என்னும் சங்கத்தின் இருப்பிடம் லிங்கராஜபுரமே. உலகெங்கும் உபயோகத்திலுள்ள கணிப்பொறிக் கட்டளைகளை எழுதும் பெரிய நிறுவனங்களும் இதே நகரில்தான் இருக்கின்றன. ஆகவே, புதுமை பிறக்கும் இடமும் அது தேவைப்படும் இடமும் ஒரே நகர எல்லைக்குள் இருந்தால் போதுமா, இடையில் வேறு ஏதேனும் வேண்டுமா என்பதை ஆராய்வதற்கு லிங்கராஜபுரம் பொருத்தமான இடமாகும்.

தேவையின் அளவு

2011ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் தொகை 2.68 கோடி, அதாவது மக்கள் தொகையில் 2.21 விழுக்காடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளமையால், அடுத்த கணக்கில் இத்தொகை கூடுமென்றே கருதலாம். உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மூக்குக்கண்ணாடி முதல் சக்கர நாற்காலி வரை ஏதேனும் ஒரு துணைக்கருவியாவது தேவையென்று கூறுகிறது. வருவாய் குறைந்த சில நாடுகளில் தேவைப்படுவோருள் 3 விழுக்காட்டினர்க்கே அது கிடைக்கிறது என்பதும் அவ்வறிக்கையின் கணிப்பாகும்.

இப்பற்றாக்குறைக்குப் பணமின்மை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒன்றே காரணமாயின், இலவசமாகக் கிடைப்பவை யாவும் யாவரையும் அடைந்திருக்க வேண்டும். அவ்வாறு அடையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

விலையின்றிக் கிடைப்பவை

பார்வையற்ற ஒருவர் கணிப்பொறியைத் தாமே இயக்குவதற்குத் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் வேண்டும். முற்காலத்தில் அதன் விலை கணிப்பொறியின் விலைக்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார்; பார்வையற்ற மற்றொருவரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். அது விலையின்றி வழங்கப்படுகிறது. விரலளவு நினைவுக்குச்சியில் அதை எடுத்துச் சென்று விண்டோஸ் உள்ள கணிப்பொறிகளில் இயக்கலாம். தமிழ் எழுத்தை உச்சரிக்கும் குரலும் அதனுடன் இணைந்துள்ளது. அக்குரல் இயந்திரத் தன்மை உடையதே. எனினும் சில நாள் பழகியவர்க்குத் தடையின்றிப் புரியும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'டாக்பேக்' என்னும் திரைவாசிப்பான் முன்னதாகவே அமைந்திருக்கிறது. அமைப்புகள் என்னும் பகுதியில் அணுகல்தன்மை என்ற தலைப்பைத் திறந்து அதை இயக்கினால் போதும். அத்தகைய கைப்பேசியை வைத்திருப்பவர், தம் சட்டைப்பையில் ஒரு துணைக்கருவி இருப்பதை அறியாமலே அதைச் சுமந்து திரிகிறார் எனலாம்.

செவிப்புலன் குன்றியவர்க்குப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்னும் செயலியைக் கூகுள் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. எதிரிலிருப்பவர் பேசப் பேசச் சொற்கள் திரையில் தோன்றுகின்றன. தமிழிலும் இது இயங்குகிறது. இரைச்சல் மிகுந்த இடத்திலும், பலர் ஒருங்கே பேசும்போதும் பிழைகள் கூடும். மருத்துவர் அறையிலும் வங்கி முகப்பிலும் எதிரெதிரே இருவர் அமர்ந்து பேசுவதற்கு இது பெரிதும் துணை செய்யும்.

நூல்களைப் பொறுத்தவரை, 2016இல் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையால் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. அச்சிட்ட நூலைப் படிக்க இயலாதவர்கள் அதில் பதிவு செய்துகொண்டு, குரலாகவோ பிரெயிலாகவோ மாற்றத்தக்க வடிவில் நூல்களைப் பெறலாம். இத்தகைய நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாயிராதபடி 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்துள்ளது. இதே நோக்கமுடைய மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகில் முதன்முதலாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாவாகும். அது 2014இல் நிகழ்ந்தது.

இவ்வளவும் விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றைப் பற்றி ஒரு சிறுவனின் தாய்க்கு யார் சொல்லுவது? இணையத்தில் தேடினால் கிடைக்கும் என்பது உண்மை. இன்னதைத் தேட வேண்டும் என்று முன்னரே அறிந்தவர்க்கே தேடல் பயன்படும் என்பதும் அதேயளவு உண்மை. திரைவாசிப்பான் என்ற ஒன்று உண்டு என்பதையே அறியாதவர் அதைத் தேடப் போவதில்லை.

இந்நாட்டில் உருவானவை

வெளிநாட்டுப் பொருள்களே சிறந்தவை என்ற எண்ணம் இத்துறையில் பொருந்தாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வெள்ளைக் கோல் தரையிலுள்ள தடையை அறிவிக்குமேயன்றி, முழங்காலுக்கு மேலுள்ளவற்றை அறிவிப்பதில்லை. தாழ்ந்து நீண்ட மரக்கிளை, நிறுத்திவைத்த லாரியின் பின்பலகை, திறந்த சன்னற்கதவு ஆகியவை முகத்திலும் மார்பிலும் மோதிக் காயப்படுத்துகின்றன. இதற்குத் தீர்வாக டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 'ஸ்மார்ட்கேன்' என்னும் கருவியை உருவாக்கி 2014இல் வெளியிட்டனர். வழக்கமான கோலின் பிடியில் பொருத்தப்படும் இது, செவிக்குப் புலனாகாத மீயொலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்திற்குட்பட்ட தடைகளை அளந்து, கைப்பிடியின் அதிர்வினால் அறிவிக்கிறது. வௌவால் இருளில் வழியறியும் முறையும் இதுவே என்று மாணவர்க்கு விளக்கலாம். இக்கருவியைச் செய்பவர்கள் சென்னையிலுள்ள தொழிற்சாலையினர்.

சென்னையைச் சேர்ந்த அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் அமைத்த 'ஆவாஸ்' மற்றொரு சான்று. மூளை முடக்குவாதம் முதலிய காரணங்களால் பேச இயலாத குழந்தை, திரையிலுள்ள படங்களைத் தொட்டால் கருவி அவற்றைச் சொற்களாக்கி ஒலிக்கிறது. 2010ஆம் ஆண்டளவில் அது தனியொரு கருவியாக விற்கப்பட்டது. பின்னர் தொடுதிரைக் கணிப்பொறிகள் பரவியதும் செயலியாக மாறியது. பெங்களூரின் திங்கர்பெல் லாப்ஸ் நிறுவனம் அமைத்துள்ள 'ஆனி' என்னும் கருவியோ, பிரெயில் எழுத்துகளைக் குழந்தைகள் தொட்டுணர்ந்தும் அழுத்தி எழுதியும் தாமே பயில்வதற்குக் குரலால் வழிகாட்டுகிறது. பிரெயில் அறிந்த ஆசிரியர் அரிதாகவுள்ள பள்ளிகளில் இதன் உதவி சிறிதன்று.

பொருத்தம் என்னும் தேவை

செருப்புக்கும் சட்டைக்கும் அளவு பார்ப்பவர், சக்கர நாற்காலிக்கு மட்டும் அளவு பாராமல் கொடுப்பது வியப்புக்குரியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், மக்கள் தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்க்குச் சக்கர நாற்காலி தேவையென்று மதிப்பிட்டதோடு, பயன்படுத்துபவரின் உடலையும் சூழலையும் ஆராய்ந்து பொருத்திப் பயிற்சியளித்த பின்னரே அதை வழங்க வேண்டுமென்றும் வலியுறுத்தியது.

இதன் காரணம் உடற்கூற்றைச் சார்ந்தது. முதுகுத்தண்டு காயமுற்றவர்க்கு இடுப்பின் கீழ் உணர்ச்சி குன்றியிருக்கும். ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் ஏற்பட்டால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை நலியும். வலி தெரியாமையால் அவர் அசைந்து உட்காருவதில்லை. அழுத்தப் புண் உண்டாகி, அது நச்சுற்றால் உயிருக்கே தீங்கு நேரும். அகலம் மிகுந்த நாற்காலியில் உடல் ஒருபக்கம் சாய்ந்து முதுகெலும்பு வளையும். மெத்தையில்லாத நாற்காலி, அது எத்துணைப் புதியதாயினும், அத்தகையவர்க்குக் கேடு விளைக்கும்.

அளவெடுக்கும் முறை எளிது. ஒரு நாடாவே போதும். இருக்கையின் அகலம் இடுப்பு அல்லது தொடையின் மிகுந்த அகலத்திற்குச் சமமாக இருத்தல் வேண்டும். இருக்கையின் ஆழம், பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தைவிட 3 முதல் 6 சென்டிமீட்டர் குறைவாக இருத்தல் வேண்டும். பாதங்கள் தொங்காமலும், முழங்கால்கள் மேலெழும்பாமலும் மிதிபலகையின் உயரத்தை அமைக்க வேண்டும். அளவைக் கேட்டுப் பெற்று ஒவ்வொருவர்க்கும் பொருந்துமாறு நாற்காலி செய்து தரும் முறையும் இப்போது வந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் உருவாக்கப்பட்ட 'நியோஃப்ளை' அவ்வகையைச் சேர்ந்தது. அத்துடன் இணைத்து மின்விசையால் ஓட்டத்தக்க 'நியோபோல்ட்' என்னும் முன்பகுதியும் 2021இல் வெளிவந்தது. ஆனால் சரியான அளவை எடுத்து அனுப்புபவர் ஒருவர் இல்லாவிடில், அளவுக்கேற்பச் செய்யும் தொழிற்சாலை இருந்தும் பயனில்லை.

பயன்படுத்துபவரின் வாழ்க்கையிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கியவர்கள் நிலையான வெற்றி பெற்றுள்ளனர். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், டாக்டர் பி.கே. சேத்தி முதலிய மருத்துவர்களும் அமைத்த செயற்கைப் பாதம், சப்பணமிட்டு அமரவும், குந்தியிருக்கவும், காலணியின்றிச் சேற்றில் நடக்கவும் இடந்தந்தது. மேனாட்டுச் செயற்கைக் கால்கள் காலணி அணிந்து நாற்காலியில் அமரும் பழக்கத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை. இந்திய உழவர்க்கு அவை உதவவில்லை. அமெரிக்கப் பொறியாளர் ரால்ப் ஹாட்ச்கிஸ் தாமே சக்கர நாற்காலியில் செல்பவர். அவர் 1980இல் நிக்கராகுவா நாட்டிற்குச் சென்று, கரடுமுரடான பாதைக்கேற்ற நாற்காலிகளை அங்குள்ள இளைஞர்களுடன் சேர்ந்து அமைத்தார். காப்புரிமை பெறாமல் அவ்வடிவங்களைப் பிற நாட்டுப் பட்டறைகளுக்கும் வழங்கினார்.

இணையத்தில் வரைபடத்தைப் பொதுவில் வைக்கும் இன்றைய வழக்கம் இம்மரபின் தொடர்ச்சியே. தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011இல் விபத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்காவிலிருந்த ஐவன் ஓவன் என்பவருடன் இணையத்தின் வாயிலாகத் தொடர்பு கொண்டு, இருவரும் செயற்கைக் கையொன்றை வடிவமைத்தனர். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தெடுக்கத்தக்க அவ்வரைபடம் 2013இல் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. அதைப் பின்பற்றி 'ஈ-நேபிள்' என்னும் தன்னார்வலர் கூட்டமைப்பு தோன்றிப் பல நாடுகளில் குழந்தைகளுக்குக் கைகள் செய்தளித்து வருகிறது.

எனினும் இதன் எல்லையையும் அறிந்திருத்தல் நலம். இவ்வகைக் கை, மணிக்கட்டின் அசைவினால் நூலிழுக்கப்பட்டு மூடுவது. ஆகவே மணிக்கட்டு இல்லாதவர்க்கு அவ்வடிவம் பயன்படாது. பாரமான பொருளைத் தூக்காது. அச்சிடுதற்கு மிகுதியும் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக், ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் இளகும். வெயிலில் பூட்டிய மோட்டார் வண்டிக்குள் வைத்தால் உருமாறக்கூடும். வளரும் குழந்தைக்கு அளவை மாற்றி மீண்டும் செய்ய வேண்டும். படத்தைக் கண்டு மகிழ்ந்தவர் இவற்றை அறியாமல் ஒரு குழந்தைக்கு வாக்களித்துவிட்டால், கிடைக்கும் ஏமாற்றம் அக்குழந்தையையே சேரும்.

பெங்களூர் தந்த ஒரு படிப்பினை

இதே நகரில் 1999இல் 'சிம்ப்யூட்டர்' அறக்கட்டளை நிறுவப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி விஞ்ஞானிகளும் என்கோர் என்னும் தொழில் நிறுவனத்தினரும் சேர்ந்து, கையிலடங்கும் எளிய கணிப்பொறியொன்றை வடிவமைத்தனர். 2001இல் அதன் மாதிரி வெளியிடப்பட்டது. எழுத்தறியாதவரும் பயன்படுத்தும்படி இந்திய மொழிகளில் பேசுதல், ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்படி அவரவர்க்குத் தனி அட்டை வைத்தல் ஆகிய கருத்துகள் அக்காலத்தில் மிகப் புதியவை. 2004இல் அது விற்பனைக்கு வந்தது. உலகப் பத்திரிகைகள் பாராட்டிய அக்கருவி சில ஆயிரங்களுக்கு மேல் விற்பனையாகவில்லை. கைப்பேசிகள் மலிந்து அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன.

இதைத் தோல்வியென்று ஒதுக்குதல் தகாது. அதன் கருத்துகள் பல இன்றைய கைப்பேசியில் உள்ளன. ஆனால் கருவியை வடிவமைக்கச் செலவிட்ட சிந்தனைக்கு ஈடாக, அதைக் கிராமத்தில் கற்பிப்பவர் யார், பழுது பார்ப்பவர் யார், அதன்வழி வரும் செய்தியைத் திரட்டுபவர் யார் என்னும் கேள்விகளுக்கும் சிந்தனை செலவாக வேண்டும் என்பதை அது உணர்த்தியது. இன்று இணையத்தில் நாள்தோறும் பாராட்டப்படும் கருவிகளுக்கும் இதே சோதனை காத்திருக்கிறது.

அலுவலகமும் பள்ளியும் தாமே எழுப்பும் தடை

புதிய கருவி எதையும் வாங்காமலே நீக்கத்தக்க தடையொன்று உண்டு. பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தமிழ்ச் சுற்றறிக்கைகள் பழைய தனிவகை எழுத்துருக்களில் இன்னும் அச்சிடப்படுகின்றன. அவ்வெழுத்துருவில் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது, கணிப்பொறியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே பதிவாகியிருக்கும். திரைவாசிப்பான் அதைப் படித்தால் பொருளற்ற ஒலிகளே வெளிப்படும். தாளைப் படமெடுத்து அனுப்பும் வழக்கமும் இத்தகையதே; படத்தில் எழுத்து இல்லை, எழுத்தின் உருவமே இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் தமிழுக்கும் உள்ளன. ஆயினும் மங்கிய படத்தில் அவை தவறு செய்யும்.

இதற்குத் தீர்வு யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் தட்டெழுதுவதாகும். தமிழ்நாடு அரசு 2010இலேயே அதை அதிகாரபூர்வமான குறியீட்டு முறைகளுள் ஒன்றாக ஏற்றது. தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்தல், படத்திற்குச் சொல்லால் விளக்கம் சேர்த்தல், சிவப்பு எழுத்தைப் பார்க்கவும் என்பது போல நிறத்தை மட்டும் நம்பி எழுதாதிருத்தல் ஆகியவையும் செலவில்லாத பழக்கங்களே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் செய்திகள் யாவர்க்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டுமென்று விதிப்பதால், இது கருணையின்பாற்பட்ட செயலென்று எண்ணுதல் பொருந்தாது. இது அலுவலகத்தின் கடமை. ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவியை ஒரு மாணவனுக்கு வழங்கிவிட்டு, அக்கருவியால் படிக்க முடியாத வினாத்தாளை அவனிடம் தருவது முரண்பாடாகும்.

எழக்கூடிய தடைகள்

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி. இதுவும் அவர்கள் தலையில் ஏற்றப்படலாமா என்று வினவப்படலாம். இவ்வினா நியாயமானதே. கணக்கெடுப்பும் பதிவேடும் அவர்களுடைய நாளைப் பெரும்பாலும் விழுங்குகின்றன. ஆகவே கருவியைக் கண்டறிந்து பொருத்தும் பணிக்கு நேரமும் பயிற்சியும் ஒதுக்குதல் நிர்வாகத்தின் பொறுப்பு. எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கோடு, ஆறு மாதம் கழித்து அவற்றுள் எத்தனை உபயோகத்தில் உள்ளன என்ற கணக்கும் கேட்கப்படுமாயின், பொருத்தும் பணி தானே மதிப்புப் பெறும். வழங்கு விழாவின் புகைப்படத்தோடு கோப்பு முடிந்துவிடும் வரையில், மூலையில் துருப்பிடிக்கும் நாற்காலிகள் குறையப் போவதில்லை.

இலவச சேவைகள் நிலைக்குமா என்பது இன்னொரு வினா. தனியார் நிறுவனம் தன் சேவையை எந்நேரமும் நிறுத்தலாம், விலை விதிக்கலாம். பேச்சை எழுத்தாக்கும் செயலிகளுள் பல, பேச்சைத் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பியே மாற்றுகின்றன. மருத்துவ விவரமும் வங்கி விவரமும் அவ்வழியே செல்லும் என்பதைப் பயன்படுத்துபவர்க்குச் சொல்லி, அவர் விருப்பத்தை அறிந்த பின்னரே அமைத்துக் கொடுத்தல் வேண்டும். இதனால்தான் மூலக்கட்டளைகள் பொதுவில் உள்ள மென்பொருளுக்கும், வரைபடம் பொதுவில் உள்ள கருவிக்கும் தனி மதிப்பு உண்டு. ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவர் எடுத்து நடத்தலாம்.

கருவி வந்தால் ஆசிரியர் தேவைப்படார் என்ற அச்சம் முற்றும் ஆதாரமற்றது. பிரெயில் கற்பிக்கும் கருவி எழுத்தைக் கற்பிக்கும். கற்பதற்கான ஆவலை ஆசிரியரே ஊட்ட வேண்டும்.

களத்தில் கேட்கத்தக்கவை

இணையத்தில் ஒரு புதிய கருவியையோ சேவையையோ காணும் ஊழியர், அதைப் பரிந்துரைக்கும் முன் சில கேள்விகளை எழுப்பிப் பார்த்தல் நன்று. இதைப் பயன்படுத்தப் போகிறவர் தம் வாழ்வில் எதைச் செய்ய விரும்புகிறார்; அதற்கு இது உதவுமா? அவர் பேசும் மொழியில் இது இயங்குமா? மின்சாரமும் இணையத் தொடர்பும் தடைப்பட்டால் என்ன ஆகும்? பழுதுற்றால் அருகிலுள்ள மிதிவண்டிக் கடையிலோ கைப்பேசிக் கடையிலோ சரிசெய்ய இயலுமா? இதைவிட எளியது, உள்ளூர்த் தச்சர் செய்யத்தக்கது, வேறு உண்டா?

கடைசிக் கேள்விக்கு விடை காண, டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட, ஊனமுற்ற கிராமக் குழந்தைகளைப் பற்றிய ஆங்கில நூல் இன்றும் பெருந்துணையாகும். மெக்சிகோ மலைக் கிராமமொன்றில் உடற்குறையுடையோர் தாமே நடத்திய மறுவாழ்வு நிலையத்தின் அனுபவத்திலிருந்து எழுந்த அந்நூலில், மரத்தாலும் மூங்கிலாலும் பழைய டயராலும் செய்யத்தக்க துணைக்கருவிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. அது இணையத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கிறது. இணையம் தரும் நன்மை மின்கருவிகளோடு நிற்பதில்லை என்பதற்கு அது சான்று.

பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பிலுள்ள பார்வை குன்றிய மாணவியின் வீட்டுக் கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கி, ஒரு மாலைப்பொழுது உடனிருந்து பழக்குவாராயின், அவ்வீட்டில் நிகழும் மாறுதலைப் பெரிய திட்டம் எதனாலும் அவ்வளவு விரைவில் விளைவிக்க இயலாது. முதல் நாளில் விரல் தவறும்; குரலின் வேகம் குழப்பும்; சலித்துப்போய்க் கருவியை மூடிவைக்கத் தோன்றும். அப்போது அருகில் ஒருவர் இருக்க வேண்டும். மறு வாரமும் அவர் வந்து விசாரிக்க வேண்டும். இப்பணியை இணையம் செய்யாது.

லிங்கராஜபுரத்துச் சங்கம் தொடங்கிய 1959இல், இன்றைய கருவிகளுள் பல இருந்ததில்லை. அன்று மனிதர் மனிதர்க்குச் செய்த உதவியைக் கொண்டே பணி நடந்தது. இன்று கருவிகள் பெருகியுள்ளன. அவை தேவைப்படும் இல்லம் வரை சென்று, அளந்து, பொருத்தி, பழக்கி, மீண்டும் சென்று பார்க்கும் ஊழியரும் ஆசிரியரும் அவற்றிற்கேற்பப் பெருகுதல் வேண்டும். அவர்களுக்கு வேண்டிய நேரத்தையும் பயிற்சியையும் அளிப்பது, மற்றொரு புதிய கருவியை உருவாக்குவதினும் அவசரமான தேவையாகும்.